இடது பின்சக்கரத்தின் சத்தம்

நான் கால்நடை மருத்துவர். திருவையாற்றைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு என் பழைய காரில்தான் போய்வருவேன். ஐப்பசி மழையில் ஒருநாள், பிரசவத்துக்குத் தவித்த பசுவைப் பார்க்கத் தண்ணீர் நின்ற சாலையில் வண்டியை ஓட்டிப்போனேன். கன்று பிழைத்தது. சில நாட்களில் காரின் பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. புறப்படும்போது ஒரு முனகல், வேகமெடுத்தால் இரும்போடு இரும்பு உரசும் கிறீச். வயலில் நடவு செய்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைத் தொடவே இல்லை.

"ஹேண்ட் பிரேக்க எடுக்காமலே ஓட்டியிருப்பீங்க மேடம். லேடீஸ் ஓட்டுற வண்டியில இதான் வரும்."

"எடுத்துட்டுதான் ஓட்டறேன்."

"நீங்க மாட்டப் பாருங்க, வண்டிய நாங்க பாத்துக்கறோம். அடுத்த தடவ சார அனுப்புங்க."

வீட்டில் சொன்னபோது கணவரும், "நானே கொண்டுபோறேன், விடு" என்றார். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

"வேணாம். என் வண்டி. நானே பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஆற்றங்கரைச் சாலையில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினேன். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாக மேலே இழுத்தேன். சத்தம் கூடியது. முழுக்கக் கீழே இறக்கினேன். சத்தம் குறையவே இல்லை. கைப்பிடி இறங்குகிறது, பிரேக் விடுபடவில்லை. நிறுத்தி இறங்கி, பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனேன். வலதில் ஒன்றுமில்லை. இடதில் அனல் அடித்தது.

வீட்டு வாசலில் முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வலது சக்கரம் ஒரு தள்ளில் சுழன்றது. இடதுக்கு இரண்டு கையும் போதவில்லை. சேலையெல்லாம் கருப்பு. ஆனால் அன்று சாப்பாடு ருசித்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் என்னைக் கண்டதும் அவர் கேட்டார்: "சார் வரலையா?"

"வரல. இடது பின்சக்கரத்தக் கழட்டுங்க. ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பி வரல."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். கழட்டற வரைக்கும் நான் இங்கேருந்து போறதா இல்ல."

ஸ்டூலை இழுத்து வண்டிக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்தேன். வேறு வழியின்றிக் கழற்றினார். கேபிளின் மேலுறை பிளந்து, தண்ணீர் புகுந்து, உள்ளே கம்பி துருவேறி இறுகிக் கிடந்தது. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. கையைத் துடைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார் நம்பர் குடுங்க மேடம், விஷயத்தச் சொல்லிடறேன்."

"எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னார், முகத்தைப் பார்க்காமல். கேபிளும் ஷூவும் மாற்றி முடித்ததும் சாவியை நீட்டினார். நான் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறுங்க அண்ணே. நான் ஓட்டறேன், நீங்க கேளுங்க."

பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். வண்டி அசையவில்லை. விடுவித்ததும் சத்தமின்றி நகர்ந்தது.

"சத்தம் இல்லீங்க, டாக்டரம்மா."

"தெரியும்" என்றேன்.