புளியமரத்தின் உயரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் என்றாலே பயம். அதனால் பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, தூரம் அளக்க டேப்பும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

“மரத்தோட உச்சி நாப்பத்தஞ்சு டிகிரியில தெரியுற இடத்துல நில்லுங்க. அங்கேயிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரத்தோட உங்க கண் உயரத்தைச் சேர்த்தா, அதான் மரத்தோட உயரம்” என்றேன்.

வகுப்பில் வாயே திறக்காத செல்விதான் முதலில் அளந்து முடித்தாள். “பதினாலு மீட்டர் டீச்சர்.”

சரியான விடை. எல்லோரும் கைதட்டினோம். அவள் மட்டும் தரையில் கிடந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“எங்கப்பா புளி உலுக்க ஏறி, இந்த உச்சிலேர்ந்துதான் வுழுந்து செத்தாரு டீச்சர். கம்மி ஒசரந்தான், வலி தெரிஞ்சிருக்காதுன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும். இன்னொரு வாட்டி அளக்கட்டுங்களா?”

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிதானமாக அளந்தாள். அதே பதினாலு.

அவளை அணைத்தபடி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். ஒரு மாணவியின் விடை தப்பாக இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது அன்றுதான்.