தாரணியின் சர்டிபிகேட்

என் பேர் சுரேஷ்குமார். தி.நகர்ல ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் கிளார்க். எனக்கு மெதுவா பேச வராது. மைக் ரிப்பேர்னா ப்ரேயருக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதுல எனக்குப் பெருமை வேற.

தாரணி நரிக்குறவர் வீட்டுப் பொண்ணு. அவங்க அம்மா பாண்டி பஜார் பிளாட்பாரத்துல பாசிமணி விக்கிறாங்க. கார்த்திகை பொறந்தா குடும்பமே சபரிமலை சீசனுக்கு மணிமாலை விக்கக் கிளம்பிடும். மாசக்கணக்குல வரலைன்னு மூணு ஸ்கூல்ல இவ பேரை அடிச்சிட்டாங்க. எங்ககிட்ட எட்டாவது சேர்ந்ததும் அம்மாகிட்ட சண்டை போட்டா. அதுல இருந்து சீசனுக்குப் போகாம சித்தி வீட்ல தங்கிப் படிச்சா. பத்தாவது முடிச்சே தீரணும்னு ஒரே பிடிவாதம்.

அவ யாருன்னு கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்காங்கன்னு சொல்லியிருந்தா. ஸ்கூல் விட்டா பாண்டி பஜார் பக்கமே போகாம சுத்திக்கினு போவா. ஜாதி சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுக்க வந்தப்போ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"சார், வந்துச்சுன்னா கிளாஸ்ல குடுக்காதீங்க. நானே ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"சரிம்மா"ன்னேன்.

அதுக்காக தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை அலைஞ்சேன். கைக்கு வந்த அன்னைக்கு எனக்குத் தலைகால் புரியல. நேரா பத்தாம் வகுப்புக்குள்ள போய், "தாரணி, உன் நரிக்குறவர் சர்டிபிகேட் வந்துடுச்சும்மா"ன்னு கத்தினேன்.

கடைசி பெஞ்சுல எவனோ நரி மாதிரி ஊளை விட்டான். கிளாஸே சிரிச்சது. அவ எழுந்து வந்து, "தேங்க்ஸ் சார்"னு வாங்கிக்கினா. அப்பதான் அவ கேட்டுக்கினது எனக்கு ஞாபகம் வந்தது. பாழாப்போன வாய்.

மறுநாள் அவ வரல. அந்த வாரமே குடும்பத்தோட சீசனுக்குக் கிளம்பிட்டான்னு சித்தி சொன்னாங்க. சீசன் முடிஞ்சு தையிலயும் வரல. பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் என் மேஜையிலயே கிடந்தது. தினம் அதைப் பார்த்துக்கினுதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

சித்திரையில மயிலாப்பூர் குளத்தோரம் அவளைப் பார்த்தேன். துணி விரிச்சு மணி கோத்துக்கினு இருந்தா. பக்கத்துல குந்தினேன். அக்கம்பக்கம் பார்த்துட்டு, ஆயுசுல முதல் தடவையா குரலை இறக்கினேன்.

"தாரணி, துணைத்தேர்வு இருக்கும்மா. எல்லாம் நான் பார்த்துக்கிறேன், வந்து எழுது."

அவ ஊசியில இருந்து கண்ணை எடுக்கல.

"சத்தமாவே பேசுங்க சார். இப்போதான் எல்லாருக்கும் தெரியுமே."