வெள்ளைப் பூ பூக்க வேண்டிய மரம்

பூங்கா ஓரத்து மரத்தில் என் கணவர் இலை ஒடிக்கும்போதெல்லாம், போகிற வழியில் யாராவது வண்டியை நிறுத்தி, "எஷ்டு மேக்கெ சார்?" என்று கேட்பார்கள். எத்தனை ஆடு வளர்க்கிறோம் என்று விசாரணை. கூடப் போகும் நாளில், ஆடு ஒன்றுதான், அதற்கு முழங்கால் வலி என்று நான் தமிழில் முணுமுணுப்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மைசூரில் அந்த இலையை மனிதருக்காக ஒடித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு வாதநாராயணன் இலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்கவைத்துப் பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் மூட்டுப் பிடிப்பு விடும் என்பது எங்கள் நம்பிக்கை. போன ஆடிக் குளிரில் அவர் முழங்கால் மடங்கவே மறுத்தது. மண்டி மொஹல்லா தானியக் கடை வேலைக்குப் போக முடியவில்லை. "இந்த ஊரு என்ற காலுக்கு ஆவாது புள்ள. ஊருக்கே போயிரலாம்" என்று மூட்டை கட்டத் தொடங்கினார். நான் இங்கே செவிலி. இருபது வருடமாகச் சேர்த்த மனிதர்கள் எல்லாரும் இங்கேதான். போக எனக்கு மனமில்லை. அப்போதுதான் நாலு தெரு தள்ளி, இன்னும் பூக்காத அந்த இளமரம் கண்ணில் பட்டது. தினமும் விடிந்ததும் அவரே நொண்டி நொண்டிப் போய் இலை கொண்டுவருவார். மாசிக்குள் நொண்டல் நின்றது, மூட்டைப் பேச்சும் நின்றது.

சித்திரையில் அவர் ஊர்க் கோயில் நோம்பிக்குப் போயிருந்த வாரத்தில் மரம் பூத்தது. வாதநாராயணன் வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். இது செக்கச்செவேலென்று நின்றது. ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்து வீட்டு சவிதா கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள்; அவளிடம் விஷயத்தைச் சொல்லிக் காட்டினேன். "இது குல்மொஹர் அக்கா! உங்க மரத்துக்குத் தாயாதி" என்று சிரித்தாள். நம் பள்ளிக்கூட வாசல்களில் நிற்கும் அதே செம்மயில்கொன்றை. ஊரில் இருக்கும் நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

இரண்டுக்கும் மூதாதை ஒன்றாம். குல்மொஹர் கிளை மடகாஸ்கர் தீவிலேயே தங்க, வாதநாராயணன் கிளை ஆப்பிரிக்கக் கரையில் வேர்விட்டிருக்கிறது. நடுவில் கடல், மகரந்தம் போய்வர வழியில்லை. தலைமுறை தலைமுறையாக மரபணு எழுத்து எழுத்தாக மாறி, மனிதன் பிறக்கும் முன்பே வேறு வேறு மரங்களாகிவிட்டனவாம்.

"அப்ப எங்க மரம் எங்க ஊரு இல்லையா?"

"அதுவும் எப்பவோ வந்ததுதான் அக்கா. எப்படி வந்துச்சுன்னு எங்க தாவரவியல்காரங்க இன்னும் ஜகளா போடறாங்க, ஒரே சண்டை."

யாரும் பார்க்காமல், அவசரமில்லாமல், காலம் பூவையே வேறாக்கிவிட்டு இலையை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவைத்திருக்கிறதே! அந்த வேலைக்கு முன்னால் என் இருபது வருடம் எந்த மூலைக்கு?

ஆனால் அவரிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவாரே என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் மரமே சொல்லிவிடும். அவர் வந்த மறுநாள் காலையில் கூடவே போய், மரத்தடியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப என்ற காலு எதுல நல்லாச்சு?"

"சுடுதண்ணிலதானுங்க. அதுக்கும் மேல, தெனமும் இத்தன தூரம் நடந்தீங்களே."

அவர் முழங்காலை மடக்கிக் குனிந்து, உதிர்ந்த பூ ஒன்றை எடுத்தார். நாலு இதழ் சிவப்பு. ஐந்தாவது மட்டும் வெள்ளையில் சிவப்புப் புள்ளி தெறித்தது.

"இது ஒண்ணு நம்மூரு புள்ள" என்று அந்த இதழைக் கிள்ளப் போனார். கிள்ளவில்லை. பூவை முழுசாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கடைக்கு நேரமாச்சு, நட" என்றார்.