வீபே கொட்டகையின் சட்டம்

"என் கொட்டகையிலேர்ந்து ஒரு ஆணி வெளியே போகணும்னா, ஒரு எஞ்சினாவது உள்ளே வரணும்!" என்று காப்பிக்கடையே அதிர முழங்கியவர் எங்கள் உருளைக்கிழங்கு விவசாயி வீபே.

கடலை வற்றவைத்து உண்டாக்கிய எங்கள் ஹாலந்து வயல்களில், இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானத்தின் மேல் கலப்பை இடிப்பது சகஜம். இடித்தவன் அரசாங்கத்துக்குச் சொல்லுமுன் வீபேவுக்குச் சொல்லிவிடுவான். அவருடைய டிராக்டர் மழையில் நனைய, கொட்டகைக்குள் உடைந்த இறக்கைகள் எண்ணெய் பூசிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தன.

"நான் விழுந்தா என்னையும் இப்படித் தொடச்சு வைப்பீங்களா?" என்பாள் மனைவி சிட்ஸ்கே.

"நீ எந்த வருஷம் விழறேங்கறதைப் பொறுத்துடீ."

ஒரு வசந்தத்தில், கொட்டகையில் கிடந்த ஒரு விமானத்தின் எண்ணைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அதை ஓட்டி இறந்தவனின் தங்கை இங்கிலாந்திலிருந்து வந்தார். அண்ணன் கடைசியாகப் பிடித்திருந்த கைப்பிடியைத் தொட்டவர் கையை எடுக்கவில்லை.

"இதை எனக்குத் தருவீங்களா?"

"மாத்துக்கு மாத்துதாம்மா. இதையெல்லாம் சேக்கிற எங்க கூட்டத்துல சும்மா குடுக்கிற வழக்கமே இல்ல. நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

அவர் கைப்பையைத் துழாவினார். "ஒரு புதினா மிட்டாய்தான் இருக்கு."

வீபே அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நிபுணரைப் போல ஆராய்ந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பழைய துணியில் சுற்றத் தொடங்கினார்.