ஆள் தெரிகிற வேலி

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டு முன்னறையே பட்டறை. "இந்த வட்டாரத்துல பாதிப் பேர் சிரிக்கிறது நான் செஞ்சு குடுத்த சிரிப்பு" என்று அடிக்கடி சொல்வாள். சில மாதங்களாக அந்த வேடிக்கைப் பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது.

காரணம், முன்னாள் புருஷன். அவனிடமிருந்து விவாகரத்து வாங்கிக்கொண்டு, ஒன்பது வயது மகளோடு அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் விடுவதாக இல்லை. அடிக்க மாட்டான், கத்த மாட்டான். சுற்றுச்சுவர் இல்லாத வாசலுக்குள் வந்து நிற்பான். கொடியில் காய்கிற துணியைத் தொட்டுப் பார்ப்பான். குழாயைத் திறந்து கை கழுவிவிட்டுப் போய்விடுவான். போலீஸில் போய்ச் சொன்னபோது, "என்னம்மா பண்ணினான்?" என்று கேட்டார்கள். கை கழுவினான் என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

ஒருநாள் மெஷினில் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஏதோ தோன்றித் தலை நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அவன் முகம். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையிலிருந்த பல் தெறித்து எங்கோ போய் விழுந்தது. அவன் மெதுவாகச் சிரித்துவிட்டுப் போனான்.

அன்றே அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் வந்து வாசலை இரண்டு முறை நடந்து அளந்தான்.

"ஆள் உயரத்துக்கு மேல சுவரை எழுப்பிடலாம். மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிட்டா ஒரு பய ஏற மாட்டான்."

"சுவர் வேண்டாம்ணா. அந்தப் பக்கம் அவன் நின்னா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும்."

"அவன் மூஞ்சியை வேற பார்க்கணுமா உனக்கு?"

"பார்க்காம இருக்கிறப்பதான் பயமா இருக்கு."



மறுநாள் இரும்புப் பட்டறைக்குப் போனாள். உலையில் காய்ச்சி அடித்துச் செய்த வேலிகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. கொடியும் இலையுமாக வளைத்த ஒன்றைப் பெருமையாகக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுருளில் காலை வைத்து ஏறினாள். இரண்டே எட்டில் தலை வேலிக்கு மேலே வந்துவிட்டது.

"இது வேண்டாம்" என்று இறங்கினாள்.

பட்டறைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நேர்க்கம்பிதான். மேல ஈட்டி முனை வச்சுத் தரவா?"

"வேண்டாம். குடிச்சிட்டு ஏறி அதுல குத்திக்கிட்டுக் கிடந்தா, ஊரே அவன் பக்கம் பேசும்."

அவர் கேட்டார். "தெரிஞ்ச ஆளாம்மா?"

"என் பொண்ணோட அப்பா."

 அவர் காட்சிக்கு வைத்திருந்த ஒரு கதவை இழுத்து நிறுத்தி, வெளிப்பக்கம் போய், தன் கையைக் கம்பிக்குள் விட்டுத் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று பார்த்தார். விரல்நுனி பட்டது. "இன்னும் நெருக்கிப் போடுறேன். தாழ்ப்பாளையும் உள்பக்கம் கீழ இறக்கிடலாம்" என்றார். கடைசியில் முடிவானது இதுதான். ஆறரை அடி உயரம், நேர்க்கம்பி, நடுவில் கால் வைக்க ஒரு குறுக்குப் பட்டைகூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேலி வந்தது. மதியத்துக்குள் சுற்றிலும் ஊன்றியாயிற்று. கதவை மாட்டுவதுதான் பாக்கி. உதவியாள் சாப்பிடப் போயிருந்ததால் பட்டறைக்காரர் மட்டும்தான் இருந்தார். தெருமுனையில் அவன் வருவதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அண்ணே, கதவு" என்றாள். 

அவர் திரும்பிப் பார்த்தார். சொல்லாமலே புரிந்துவிட்டது. "அந்த ஓரத்தைப் பிடிம்மா."

இருவரும் தூக்கினார்கள். அவள் நினைத்ததைவிடக் கதவு கனம். கீழ்க்கீல் முளையில் உட்கார்ந்தது. மேல்கீல் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அவர் சுத்தியலை எடுக்கக் குனிந்தபோது மொத்தப் பாரமும் அவள் தோளில் இறங்கியது. வீட்டுக்குள்ளிருந்து, "அம்மா?" என்றது மகளின் குரல்.

"உள்ளயே இரு பாப்பா. வெளிய வராத."

அவன் அருகே வந்துவிட்டான். அவசரமே இல்லாத நடை. கம்பியில் கையை வைத்து லேசாகத் தள்ளினான். அவள் கால் மண்ணில் சறுக்கியது. பின்வாங்காமல் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றாள். சுத்தியல் ஒருமுறை விழுந்தது. இரண்டாவது முறை. மூன்றாவது அடியில் கதவு சட்டென்று கீழே இறங்கிப் பொருந்தியது. பட்டறைக்காரர் தாழ்ப்பாளைப் போட்டார். அவள் பூட்டைத் தேடி எடுத்து மாட்டினாள். அவசரத்தில் சாவி இரண்டு தடவை துளையில் நுழையாமல் வழுக்கியது.

"எனக்கே பூட்டா?" என்றான் அவன்.

"உனக்குத்தான்."

"பாப்பாவைக் கூப்பிடு."

"கோர்ட் சொன்ன நாள்ல, சொன்ன இடத்துல பாரு."

அவன் கம்பிகளுக்கிடையே கையை விட்டான். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கையை வெளியே இழுத்து, அதையே பார்த்தபடி கொஞ்சம் நின்றான். பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைக்காமல் அவள் பக்கத்திலேயே நின்றார். பிறகு அவன் போய்விட்டான். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தோளில் கம்பி அழுத்திய இடம் கன்றியிருந்தது. அவர் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறமும் இரண்டு முறை வந்தான். ஒரு முறை கதவை உலுக்கினான். தூரத்திலேயே பார்த்துவிட்டதால் இரண்டையும் போனில் படம் பிடித்து, நேரத்தோடு போலீஸில் கொடுத்தாள். இந்த முறை என்ன பண்ணினான் என்று யாரும் கேட்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு, இனி அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள்.

அடுத்த மாதம் பட்டறைக்காரர் பெயின்ட் அடிக்க வந்தார். மகள் மஞ்சள்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். "வேலிக்கு யாரும் மஞ்சள் அடிக்க மாட்டாங்க கண்ணு" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அடிங்கண்ணே" என்றாள் பல்லக்கா. "தெருமுனையில இருந்தே தெரியட்டும்."