பூசணிக்காய் கேக்கும் பீரங்கிப் படையும்

ஆற்றுமணல் அடுப்பில் காய்ந்து சூடேறும்போது ஒரு வாசனை வரும். கோடைமழையின் முதல் சில துளிகள் விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புமே, அதற்கும் கடலை வறுப்பவரின் சட்டியிலிருந்து எழுவதற்கும் நடுவிலான ஒரு வாசனை. அதனோடு கொஞ்ச நேரத்தில் கனிந்த வாழைப்பழமும் ஏலக்காயும் நெய்யும் கலந்து வரத் தொடங்கினால், மேலகரத்தில் எங்கள் தெருவின் எந்த மூலையில் விளையாடிக்கொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவருவேன். அப்பா பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார், அடுப்பில் அண்டா ஏறியிருக்கிறது, அண்டாவுக்குள் கேக் வெந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஓவன் என்ற ஒன்றை எங்கள் தெருவில் யாரும் கண்டிராத தொண்ணூறுகள் அவை. ஆனால் அப்பாவின் முறையில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. கனத்த அலுமினிய அண்டா ஒன்றில் சிற்றாற்று மணலைக் கழுவிக் காயவைத்து இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, நடுவில் ஓர் இரும்பு வளையத்தை வைத்து, மூடிபோட்டுக் கால் மணி நேரம் காயவிட வேண்டும். அதற்குள் மைதாவையும் சீனியையும் நெய்யையும் புளித்த தயிரையும் ஆப்பச்சோடாவையும் கலந்து, முட்டைக்குப் பதிலாக நன்றாகக் கறுத்துக் கனிந்த மட்டி வாழைப்பழம் நாலைந்தை மசித்துச் சேர்த்து, மஞ்சள் பூசணிக்காயைத் துருவித் துணியில் கட்டி ஒட்டப் பிழிந்து போட்டு, குற்றாலத்து அடிவாரத் தோப்பிலிருந்து வரும் பலாச்சுளை நாலைப் பொடியாக நறுக்கித் தூவி, நெய் தடவிய தகரப் பாத்திரத்தில் ஊற்றி அந்த வளையத்தின்மேல் இறக்கிவிட்டால் முடிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரும். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பூசணிக்காயைப் பிழிய மட்டும் சோம்பல்படக் கூடாது.

இந்த கேக் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்த கோடையில் எனக்குப் பத்து வயது. அதை நினைத்தால் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. பெருமை அப்பாவுடையது, வெட்கம் என்னுடையது.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் கொஞ்சம் நெல்வயல் இருக்கும், வீட்டுக்கு ஓர் ஆள் போலீசிலோ பட்டாளத்திலோ இருப்பார். எங்கள் பெரியப்பா தென்காசியில் தலைமைக் காவலர். ஊரே அவரை "ஏட்டையா" என்று கூப்பிடும். அப்பா வடக்கே பனிமலையில் பட்டாளத்தில் இருந்தார். அங்கே என்ன வேலை என்று அவரும் சொன்னதில்லை, பெரியப்பா உட்பட யாரும் கேட்டதுமில்லை. அப்பாவின் கடித உறையின் ஓரத்தில் பீரங்கிப் படை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததைப் பெரியப்பா மகள் மாரியக்கா எனக்கு வாசித்துச் சொன்னாள். அது போதாதா? வகுப்பில் போய், "எங்க அப்பா பீரங்கிக்குக் குண்டு போடுதாவ. இங்கன இருந்து போட்டா செங்கோட்டையில போயி விழும்" என்று அளந்துவிட்டேன். கதை பள்ளிக்கூடத்திலிருந்து தெருவுக்கு வந்து, அப்பா அந்த மே மாதம் பெட்டியும் கையுமாக வந்திறங்கியபோது, "என்ன பீரங்கி, எப்ப வந்தீய?" என்று டீக்கடையில் வரவேற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அப்பா முதலில் விழித்தார். அம்மா விவரம் சொன்னதும் சிரித்துக்கொண்டார், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம்தான் மாரியக்காவுக்குப் போலீசில் எடுத்துவிட்டதாக உத்தரவு வந்தது. எங்கள் குடும்பத்தில் காக்கி போடப்போகும் முதல் பெண். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சிவகிரியிலிருந்து அத்தையும் மாமாவும் வருவார்கள், அவர்கள் முன்னால் திங்கட்கிழமை கேக் வெட்டி ஜமாய்த்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனார். கோயிலில் ஏற்கெனவே பந்தக்கால் நாட்டியாகிவிட்டது. கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிறவரைக்கும் மீனோ கறியோ முட்டையோ எங்கள் தெருவுக்குள் நுழையக்கூடாது. தென்காசியில் இருந்த கேக் கடைக்காரரோ, "முட்டை இல்லாமயா? அப்ப கேசரி கிண்டிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை காலையில் பெரியப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு குதித்தார். "எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. சிவகிரிக்காரன் முன்னால மூக்கறுபட்டு நிக்கணுமா நான்?"

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு, "முட்டை இல்லாம நான் செஞ்சு தாரேன் அண்ணே" என்றார்.

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

அப்பா முற்றத்தோரம் நின்ற என் பக்கம் பார்த்தபடி துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "பதினாலு வருசமா அங்கன நான் பாக்குத வேலையே அதான். நான் சமையக்காரன்" என்றார்.

பெரியப்பா ஒரு கணம் திகைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "அட சண்டாளா! சட்டி கழுவுததுக்காலே பனிமலைக்குப் போன? இங்கன ஊரு பூரா பீரங்கி பீரங்கிங்கான்!" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கு முன்பே தெரியும். நான் அழுதுகொண்டே மாட்டுத்தொழுவத்துக்கு ஓடி, வைக்கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அவரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் கேக் வெந்தது. சிவகிரி அத்தை, மாமா, பெரியப்பா வீட்டார் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மூடியைத் திறந்தால், மாவு ஊற்றிய உயரத்திலிருந்து இம்மியும் எழும்பாமல் அடையைப்போல் கிடந்தது. பெரியப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "ஏலே தம்பி, இத கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்லே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் உள்ளுக்குள் நொந்துபோனேன். குண்டு போடாவிட்டால் போகட்டும், சொன்ன சமையலாவது ஒழுங்காக வரக்கூடாதா என்று அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். அப்பா மட்டும் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து, மென்று, வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அடுப்படியில் அப்பா பூசணிக்காய் துருவிக்கொண்டிருந்தார். வயலில் அறுப்பு முடிந்ததும் வரப்போரம் அம்மா போட்டிருந்த கொடியில் காய்த்த காய். நான் நெல்மூட்டைக்குப் பின்னால் ஒட்டி நின்றிருந்தேன். அப்பா திடீரென்று தனக்குத்தானே சிரித்தார்.

"நான் மலையில இல்லங்கதையே மறந்துட்டேன் பாத்துக்க" என்று அம்மாவிடம் சொன்னார். "அங்கன காத்து லேசு. சோடாவ ஒரு சிட்டிகைக்கு மேல போட்டா மாவு பொங்கி வழிஞ்சி, பொறவு பொதக்குன்னு உக்காந்துரும். கை அந்தப் பழக்கத்துலயே போட்டிருக்கு. இங்கன ரெண்டு மடங்கு வேணும்."

"அங்கன எப்படித்தான் பொங்குவீய?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணி கொதிக்கும், ஆனா சூடு ஏறாது. பருப்பப் போட்டா மூணு மணி நேரம் அப்படியே கெடக்கும். மேல காவல் நிக்குத பையங்க எறங்கி வரும்போது வெரல மடக்க முடியாது, டம்ளரு பிடிக்க முடியாது. அவனுவளுக்கு அரவேக்காட்டுச் சோத்தக் குடுக்க முடியுமா? நூத்தி இருவது பேரு. ஒரு நாளும் ஆறுன சோறு போட்டதில்ல நான்."

துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டே தொடர்ந்து சொன்னார். பிறந்தநாளுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காத பையன் ஒருவன் சமையல் கூடாரத்தில் வந்து உட்கார்ந்து அழுதானாம். முட்டை மலைக்கு மேலே வந்து சேரும்போது உறைந்து கல்லாகியிருக்கும். அதனால் பால்பவுடரையும் டப்பாவில் வரும் அன்னாசிப்பழத்தையும் வைத்து அவனுக்காக ஒரு கேக் செய்தாராம். எதில் வேகவைத்தார்? பீரங்கிக் குண்டு வந்த இரும்புப் பெட்டி காலியாகக் கிடந்ததாம், அதில் மணலைக் கொட்டி. "அன்னையில இருந்து யாருக்குப் பொறந்தநாளுன்னாலும் என்னத்தான் தேடி வருவானுவ" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த கர்வத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நான் கட்டிவிட்ட பீரங்கிக் கதையைவிட இது எவ்வளவு பெரிய கதை! வெளியே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டிருக்கலாம். வரவில்லை. ரோசம் விடவில்லை.

இரண்டாவது கேக் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி, உச்சியில் லேசாக வெடித்து, நல்ல மஞ்சளாக வந்தது. அறுத்தால் பூசணித் துருவல் இருந்த இடமே தெரியவில்லை, பலாச்சுளை மட்டும் அங்கங்கே பல்லில் கடிபட்டு இனித்தது. மாரியக்கா வெட்டி முதல் துண்டைப் பெரியப்பாவுக்கு ஊட்டினாள். சிவகிரி மாமா இரண்டு துண்டு தின்றுவிட்டு, "முட்டை இல்லாம இப்படி மெத்துன்னு இருக்கே, எந்தக் கடை?" என்று கேட்டார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியப்பா மீசையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டு முந்திக்கொண்டார். "கடையா? எந் தம்பி செஞ்சதுய்யா. இவன் பொங்கிப் போட்டாத்தான் அங்கன பீரங்கிக்கு எவனும் குண்டே போடுவான்!" மிச்சமிருந்ததில் ஒரு பெரிய துண்டை வெட்டித் தாளில் பொதிந்து, ஸ்டேஷனில் காட்ட வேண்டும் என்று எடுத்துவைத்துக்கொண்டார். அப்பா அண்டாவிலிருந்த மணலைக் கிளறி ஆறவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே நான் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அப்பா பீரங்கிக்குக் குண்டு போடவில்லை, நூற்றிருபது பேருக்குப் பனிமலையில் சோறு போடுகிறார் என்று சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். இடைவேளையில் அவள் சடையைப் பிடித்து இழுத்து, முழு மத்தியானமும் வெயிலில் முட்டிபோட்டு நின்றேன். முட்டி எரிந்தாலும் மனசு குளிர்ந்து கிடந்தது. ஆனால் அப்பா இதையெல்லாம் பார்க்கவில்லை. முதல் சாரல் விழுந்த அன்றே விடுப்பு முடிந்து வடக்கே ரயிலேறிவிட்டிருந்தார். கடிதத்தில் எழுதலாம் என்று நினைத்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

முப்பது வருடம் ஓடிவிட்டது. நான் இப்போது குத்துக்கல்வலசையில் இருக்கிறேன், அப்பா என்னோடுதான் இருக்கிறார். பெரியப்பா இல்லை. மாரியக்கா இன்ஸ்பெக்டராகிவிட்டாள். எங்கள் வயல் இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள், வரப்பும் இல்லை, பூசணிக்கொடியும் இல்லை. அண்டா ஓட்டை விழுந்து பழைய பாத்திரக்காரரிடம் போய்விட்டது. ஓவனில் பத்தே நிமிடத்தில் சூடேறுகிறது, மணல் வாசனைதான் இல்லை. கொடை நாட்களில் தென்காசிக் கடைகளிலேயே முட்டை சேர்க்காத கேக் என்று பலகை வைத்து விற்கிறார்கள். சமையல் படிப்பதற்கென்று பையன்கள் பெருமையோடு கல்லூரிக்குப் போகிறார்கள், யாரும் சிரிப்பதில்லை.

சென்ற மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் மாம்பழமும் பூசணிக்காயும் போட்டு நாங்கள் செய்திருந்த கேக்கைத் தின்றுகொண்டே, "ஐயா பட்டாளத்துல இருந்தீங்களாமே, அங்கன என்ன வேலை?" என்று கேட்டார். அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார். அன்றைக்கு முற்றத்தில் துண்டால் முகம் துடைத்தபோதும் என்னைத்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு நாற்பது வயதாகித்தான் உறைத்தது. சொன்னால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று அன்று பார்த்த பார்வையை அவர் இன்னும் விடவில்லை.

அவர் வாய் திறக்குமுன், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி நானே சொன்னேன்:

"சமையக்காரவ. எங்க அப்பா பட்டாளத்துச் சமையக்காரவ."