ஒப்பித்தவளுக்குக் கிடைக்காத பரிசு

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி என்றால் பலருக்குப் பாட்டும் மிட்டாயும் நினைவுக்கு வரும். எனக்குக் கோபம்தான் வருகிறது.

எழுபதுகளில் நாங்கள் டில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஞாயிறன்று இந்திக்காரர்களின் ஆராதனை முடிந்ததும் அதே தேவாலயத்தைத் தமிழ்ச் சபைக்கு விடுவார்கள். பெரியவர்கள் உள்ளே ஜெபிக்க, பிள்ளைகளுக்குப் பின்புறப் புல்தரையில் ஜமக்காளம் விரித்து வகுப்பு. குளிர்காலத்தில் முதுகில் வெயில் படுகிற இடத்துக்கு அடிதடியே நடக்கும்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் என் வயதுக்காரி. அவள் அம்மா எங்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். அவள் முனிசிபல் இந்திப் பள்ளியில் படித்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துத் தெரியாது. எனக்கு அம்மா வீட்டிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன் மனப்பாடப் போட்டி வைத்தார்கள். வேதப்புத்தகத்திலிருந்து ஒரு நீண்ட சங்கீதத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறவருக்கு ஜியோமெட்ரி பாக்ஸ். நான் சத்தமாக வாசிப்பேன், அவள் கேட்டே பாடம் செய்தாள். சில நாளில், நான் விட்ட வரிகளை அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்.

போட்டியன்று பெற்றோரும் வந்திருந்தார்கள். நான் பாதியில் திக்கி நின்றுவிட்டேன். இன்னொரு பையன் இரண்டு இடத்தில் தடுமாறினான். அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை சொல்லி முடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஞாயிறு பள்ளியை நடத்திய பெரியவர், அரசாங்கத்தில் பெரிய அதிகாரி, வேதப்புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். "எங்க, இதைப் பார்த்து வாசி."

அவள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாசிக்கவே தெரியாதா? அப்ப எப்படிப் பரிசு கொடுக்கிறது?" என்றவர், தடுமாறிய பையனைக் கூப்பிட்டு அவனிடம் பாக்ஸைக் கொடுத்தார்.

அவள் அழவில்லை. "ஆப்னே தோ சிகாயா ஹீ நஹீன்" என்றாள். நீங்கள்தான் கற்றுக்கொடுக்கவே இல்லையே என்று. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வாய் மட்டும் இருக்கு" என்றார்.

பின்வரிசையிலிருந்து என் அம்மா எழுந்தார். திருநெல்வேலிக் குரல், மைக் வேண்டாம். "ஒப்பிக்கதுக்குத்தானே பரிசுன்னு சொன்னீய? இப்ப என்னத்துக்கு வாசிக்கச் சொல்லுதீய? அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ஒருவர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். அவளுடைய அம்மாதான், "விடுங்கம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்று மகளை இழுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் அம்மா அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கோடை வருவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். அப்புறம் அரசாங்கத்து ஆட்கள் அவர்களுடைய குடிசைகளை இடித்து, எல்லாரையும் லாரியில் ஏற்றி யமுனைக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டார்கள். மறுபடி அவளை நான் பார்க்கவில்லை.

இப்போது என் பேத்தி ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கிய இடங்களில் சேர்ந்தவர்களும் அவள் வகுப்பில் உண்டு. போன பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அப்படிச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாயிடம் இந்தியில் சொன்னார்: "வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மகளை ஆண்டுவிழா நாடகத்தில் சேர்க்க முடியாது." அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வீட்டிலேயே இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க முடிந்தால் உங்களிடம் எதற்கு அனுப்புகிறார்கள்?" என்று கேட்டேன். ஆசிரியை சிரித்தார். "மேடம், ஸ்கூல் பாலிசி." முதல்வரிடம் போனேன். அவரும் சிரித்தார். பார்க்கிறோம் என்றார்.

நாடகம் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. அந்த ஒதுக்கீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூட மேடையில் இல்லை. பின்னால் மரங்களாக நிற்கச் சில பிள்ளைகள் வேண்டியிருந்தது. அதற்கும் அவர்களை எடுக்கவில்லை. மரத்துக்கு எதற்கு ஆங்கிலம்?